ஜெட் பம்ப் செக்‌ஷனை மூடுவது

ஜூலை 20, திங்கள்
விடிந்ததிலிருந்து ஆடிக் காற்று. கூரைத் தகரம் தடதடவென்று. மைத்துனன் பிரபு, கம்பெனியில் பாதிப் பங்கு அவனுக்கு, மறுபடி போன். "மச்சான், ஜெட் பம்ப்ப இந்த மாசத்தோட நிறுத்திப்போடலாங்க. சனம் பூரா சப்மெர்சிபிளுக்குப் போயிருச்சு." நியாயந்தான். போர்வெல்லுக்குள் இறக்கும் மோட்டார் வந்த பிறகு, மேலே வைக்கும் ஜெட் பம்ப்பை யார் வாங்குகிறார்கள்? நாலு வருடமாக நஷ்டம். செக்‌ஷனில் ஒன்பது பேர். பொறுப்பு சாந்தாமணி, பத்தொன்பது வருடமாக. அவரிடம் யார் சொல்வது? நான்தான்.
பல் டாக்டர் மாலை 6. நாட்டுச் சர்க்கரை. குடை ரிப்பேர்.

21, செவ்வாய்
சாந்தாமணியிடம் சொல்லப் போனேன். "வாங்க சார், டீ குடிங்க." நல்ல டீ. அவர் பிறந்த ஊர் ஆனைமலையில் மழை எப்படி என்று விசாரித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். கோழை.
சத்தத்தை வைத்தே ஒரு பம்ப்பை ஒதுக்கினார். கழற்றினால் பேரிங் கோளாறு. என்ன காது அது.

22, புதன்
மறுபடி போனேன். மறுபடி டீ. தேங்காய் விலை பேசினோம். வெட்கமாக இருக்கிறது.
சப்மெர்சிபிள் செக்‌ஷனுக்கு மேனேஜர் தேடி மூன்று மாதம். கேட்டில் 'பிஇ மட்டும்' போர்டு. இன்று இன்டர்வியூவுக்கு வந்தவர், பம்ப்புக்குள் சுழலும் இம்பெல்லரைத் தலைகீழாகப் பிடித்தார்.

23, வியாழன்
சாந்தாமணியே என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.
"ஏனுங்க சார், எங்க செக்‌ஷன மூடிப்போடலாங்க. உங்க அப்பா ஆரம்பிச்சது, மனசு நோவீங்கன்னுதான் இத்தன நாளாச் சொல்லுலீங்க."
நான் அவரை நினைத்து, அவர் என்னை நினைத்து. இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டு.
கையில் ஒரு தாள். யார் எங்கே போகலாம் என்று. முருகேசனுக்கு முதுகு வலி, அதனால் உட்கார்ந்து செய்யும் மோட்டார் வைண்டிங். ரெஹானாவுக்குக் குழந்தையின் ஸ்கூல் வேன் நாலரைக்கு, அதனால் காலை ஷிப்ட். மற்ற எட்டுப் பேரிடமும் பேசி முடித்தாயிற்றாம். மலைத்துப் போனேன். என்னால் ஒரு வருடத்திலும் முடியாது.
"உங்க பேரு எங்கீங்க, சாந்தாமணி?"
"எட்டு எடந்தானுங்க காலி. எண்ணிப் பாத்துப்போட்டுத்தான் எழுதுனேன்."


24, வெள்ளி
பிரபுவிடம் அந்தத் தாளைப் பற்றிச் சொன்னேன். "மச்சான், கேட்டுல இருக்கற அந்த பிஇ போர்டக் கழட்டச் சொல்லுங்க." நல்லவன். இதுவரை திட்டியதெல்லாம் வாபஸ்.
பிஇ இல்லாவிட்டால் என்ன, சப்மெர்சிபிளுக்கு நீங்களே மேனேஜராக இருங்கள் என்று சாந்தாமணியிடம் கேட்டேன். "ரோசன பண்ணிச் சொல்றேனுங்க." டீ தரவில்லை. பயமாக இருக்கிறது.

25, சனி
கா. 8.10. ஜெட் பம்ப் வாசலில் அவர் ஸ்கூட்டி இல்லை. எட்டு மணிக்கு அது அங்கே நிற்காமல் நான் பார்த்ததில்லை.
8.25. சப்மெர்சிபிள் வாசலில் நிற்கிறது. உள்ளே அதற்குள் ஒரு மோட்டாரை ஒதுக்கி வைத்துவிட்டார்.