பாதிரி முதுகைக் காட்டிய நேரம்

சிங்க்கிங் ஓடை, மிசௌரி
24 ஏப்ரல் 2001, செவ்வாய்

அன்புள்ள நெல்டாவுக்கு,

இங்கே நலம். நீயும் உன் தங்கை ஃபேயும் அங்கே நலமாகத்தான் இருப்பீர்கள். போனில் பேசினால் நான் உன்னை ஒரு வாக்கியம்கூட முடிக்க விடுவதில்லை, அதனால் எழுதினால்தான் பதில் என்று சொல்லிவிட்டாய். சரி, எழுதுகிறேன்.

நேற்று வான்கோழி வேட்டை சீசன் திறந்தது. நம் பாதிரி, அந்தக் கிழட்டு வான்கோழிச் சேவல், இன்னும் உயிரோடு இருக்கிறான். அதே மேட்டில், அதே வெள்ளை ஓக் மரத்தில்தான் அடைகிறான். விடிந்ததும் பிரசங்கத்தை ஆரம்பித்தவன் ஏழு மணிவரை வாயை மூடவில்லை. போன வருஷத்தைவிடப் பெருத்திருக்கிறான். மார்பு முடி தரையில் இழுபடுகிறது.

தானாகவே இறங்கி என் பக்கம் வந்தான். பன்னிரண்டு அடி எடுத்து வைக்கும் தூரம். தலை ஒரு மரத்துக்குப் பின்னால் போனதும் வில்லின் நாணை இழுத்தேன், விட்டேன். அம்பு பாம்பு மாதிரி நெளிந்துகொண்டு போய் அவனுக்கு ஒரு கை மேலே பறந்தது. நெல்டா, பன்னிரண்டு அடியில் தவறவிட்டேன். என் ஐம்பத்தொரு வயதில் இப்படி ஒரு அவமானம் பட்டதில்லை.

அம்பைத் தேடி எடுத்துப் பார்த்தால், இரண்டு இறகு ஒரு சிறகிலிருந்தும் ஒன்று இன்னொரு சிறகிலிருந்தும் ஒட்டியிருக்கிறது. மூன்றும் ஒரே பக்கத்துச் சிறகாக இருந்தால்தான் அம்பு நேராகச் சுழன்று போகும். இது எனக்குத் தெரியாததா? வெட்டி வைத்த இறகு எல்லாம் ஒன்றுபோல இருக்கிறது, கண்ணாடி போட்டாலும் பிடிபடவில்லை. நீ இறகு போட்டு வைத்த அந்த இரண்டு காபி டப்பாவில் எது இடது, எது வலது என்று உடனே எழுது.

பக்கத்துப் பண்ணை ஆர்லன் முதல் நாளே துப்பாக்கியால் ஒன்றை அடித்துவிட்டான். டிரக்கை என் வாசலில் நிறுத்தி, "என்னப்பா ஹாலிஸ், இன்னும் குச்சியும் கயிறும் வச்சுத்தான் விளையாடிட்டிருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அன்புடன்,
ஹாலிஸ்


வெஸ்ட் பிளெயின்ஸ்
27 ஏப்ரல், வெள்ளி

அன்புள்ள ஹாலிஸ்,

உன் கடிதம் கிடைத்தது. சிவப்பு மூடி இடது, பச்சை மூடி வலது. பத்தொன்பது வருஷமாக அப்படித்தான். நீ ஒருநாளும் கேட்டதில்லை, நான் எடுத்துக் கையில் கொடுத்தேன், நீ ஒட்டினாய். ஆனால் மூடியைப் பார்த்து எடுத்திருந்தால் எப்படிக் கலந்திருக்கும் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

நான் நலமா என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வலது தோள் வலிக்கிறது, மற்றபடி நலம். ஃபேயின் வீட்டில் எனக்கென்று ஒரு அறை, அதில் கிழக்கு பார்த்த ஜன்னல். பள்ளிக்கூடச் சமையலறையில் என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்கிறார்களாம். மே 14 திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். சரி என்றால் இங்கேதான் இருப்பேன். வேண்டாம் என்றால் வீட்டுக்கு வருவேன். நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

நான் ஏன் வந்தேன் என்று உனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். உன் கடிதத்தைப் படித்தால் தெரியாது என்று தோன்றுகிறது. ஜனவரியில் சர்ச் விருந்தில் ஆர்லனின் மனைவி உன்னிடம், "வில்லுல எத்தனை அடிச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். நீ, "பதினொண்ணு. எல்லாம் நான் தனியாளா அடிச்சது" என்றாய். நான் உன் பக்கத்தில்தான் நின்றேன், உருளைக்கிழங்குத் தட்டைப் பிடித்துக்கொண்டு.

பதினோரு தடவையும் உனக்குப் பின்னால் முப்பது அடியில், உண்ணி கடிக்கக் கடிக்க, சிலேட்டில் குச்சியை உரசிப் பெட்டைக் குரல் கொடுத்தது யார் ஹாலிஸ்? சேவல் என்னைத் தேடிக்கொண்டு வந்ததால்தானே உன்னைப் பார்க்காமல் உன்னைத் தாண்டிப் போனது?

நெல்டா


சிங்க்கிங் ஓடை
30 ஏப்ரல், திங்கள்

அன்புள்ள நெல்டா,

அது பேச்சுவாக்கில் வந்தது. ஆம்பிளைகள் நாலு பேர் முன்னால் அப்படித்தான் பேசுவார்கள். அதற்காக ஒருத்தி புருஷனை விட்டுப் போவாளா?

மேலே எழுதியதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

இறகு விஷயம் சொல்கிறேன். நீ போன அன்று நான் அலமாரியைக் கையால் ஓங்கி அறைந்தேன். இரண்டு டப்பாவும் விழுந்து அறை முழுக்க இறகு. கைக்கு வந்ததை அள்ளி இரண்டிலும் போட்டு மூடினேன். மூடி சரியாகத்தான் இருக்கிறது, உள்ளேதான் எல்லாம் கலந்து கிடக்கிறது. முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது.

பாதிரி என்னைப் பாடாய்ப் படுத்துகிறான். முதல் நாளுக்குப் பிறகு உஷாராகிவிட்டான். நீ சிலேட்டை எடுத்துக்கொண்டு போனதால் உரசினால் பெட்டைக் குரல் வரும் ஆர்லனின் மரப்பெட்டியை வாங்கி நானே கூப்பிடுகிறேன். நாற்பது அடியில் வந்து நின்று, குரல் வந்த இடத்தையே, அதாவது என்னையே, அரை மணி நேரம் முறைக்கிறான். துப்பாக்கிக்காரனுக்கு விரலை அசைத்தால் போதும். நான் கையை இழுத்தாக வேண்டுமே. முழங்கை ஒரு அங்குலம் நகர்ந்தாலும் பார்த்துவிடுகிறான். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் இதே கதை. இன்றைக்கு மழை வேறு. முதுகு பிடித்துக்கொண்டது. ரொட்டி கருகிப் போயிற்று.

வா நெல்டா. ஒரே ஒரு சனிக்கிழமை வந்து கூப்பிட்டுக் கொடு. ஓடைக்கரையில் காளான் முளைத்திருக்கிறது, பறித்து வைக்கிறேன்.

ஹாலிஸ்


வெஸ்ட் பிளெயின்ஸ்
4 மே, வெள்ளி

அன்புள்ள ஹாலிஸ்,

அலமாரி விஷயத்தைச் சொன்னதற்கு நன்றி. நீ தரையில் மண்டியிட்டு இறகு பொறுக்குவது கண்ணில் வந்தது. கோபம் கொஞ்சம் இறங்கியது.

இப்போது என் பக்கத்து ரகசியம். '95இல் நீ ஒரு வில் செதுக்கி, "இது பல் குத்தத்தான் ஆகும்" என்று கொட்டகையில் எறிந்தாயே, நாற்பத்திரண்டு பவுண்டு இழுவை, அது இப்போது என்னிடம் இருக்கிறது. நீ மில்லுக்கு மரம் அறுக்கப் போன நாளெல்லாம் வைக்கோல் கொட்டகைக்குப் பின்னால் சாக்கு மூட்டையைத் தொங்கவிட்டு எய்து பழகினேன். ஆறு வருஷம். சாக்கில் இருந்த ஓட்டையை எலி என்றாய். அது எலி இல்லை.

பதினைந்து அடியில் பத்துக்கு ஒன்பது படுகிறது. இந்த வருஷம் என் பெயரில் அனுமதிச் சீட்டு வாங்கியிருக்கிறேன்.

சனிக்கிழமை, 12ஆம் தேதி வருகிறேன். ஆனால் நான் கூப்பிட வரவில்லை. நான் முன்னால் உட்காருவேன், நீ பின்னால் உட்கார்ந்து எனக்குக் கூப்பிடு. சிலேட்டைக் கொண்டு வருகிறேன். பின்னால் உட்காருபவருக்கு ஒரே ஒரு விதிதான், அதை நான் பத்தொன்பது வருஷம் காப்பாற்றினேன்: சேவல் கண்ணுக்குத் தெரிந்த பிறகு வாயைத் திறக்கக் கூடாது. எப்போது இழுப்பது என்பது வில் வைத்திருப்பவர் பாடு.

அடிக்கிறேனோ தவறவிடுகிறேனோ, அது பெரிதில்லை. பிறகு வீட்டில் உட்கார்ந்து காலை ஆகாரம் சாப்பிடுவோம். அப்போது பள்ளிக்கூடத்துக்கு என்ன பதில் என்று எனக்கே தெரிந்துவிடும்.

நெல்டா


சிங்க்கிங் ஓடை
8 மே, செவ்வாய்

அன்புள்ள நெல்டா,

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். பலகையில் ஒடிந்த அம்பு முனை ஒன்று இன்னும் குத்தியிருக்கிறது. இத்தனை நாளும் என் கண் எங்கே இருந்தது?

நாலு வருஷமாக நான் துரத்தும் பறவையை நீ அடிப்பதா என்று முதலில் வயிறு எரிந்தது. மறைப்பானேன். பிறகு, சரி, வரட்டும் என்று தோன்றியது. நான் பின்னால் உட்காருகிறேன். பேசவில்லை.

மரப்பெட்டியில் பழகிக்கொண்டிருக்கிறேன். ஆர்லன், "இது பெட்டை கூப்பிடற மாதிரி இல்லப்பா, சர்ச்சு கதவு கிறீச்சிடற மாதிரி இருக்கு. பாதிரிக்குப் பிடிச்சாலும் பிடிக்கும்" என்கிறான். எதற்கு இந்தப் பழக்கம் என்று கேட்டான். நெல்டா வேட்டைக்கு வருகிறாள் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

சில விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். இடது தோளை அவன் வரும் திசைக்குக் காட்டி உட்கார். முகத்தில் கரியைப் பூசிக்கொள். அவன் தோகையை விரித்துக்கொண்டு முதுகைக் காட்டும்போது அவன் வாலே அவன் கண்ணை மறைக்கும், அப்போது இழு. அவசரப்படாதே. ஆனால் தாமதிக்கவும் கூடாது. வாலின் அடிவேருக்குக் குறி வை. நாணை முழுக்க இழு, பாதியில் விடாதே. காற்றைப் பார். தும்மல் வந்தால் மூக்கைப் பிடி.

இதெல்லாம் உனக்குத் தெரியும் என்று இப்போதுதான் உறைக்கிறது. கோபப்படாதே.

காளான் எடுத்து வைத்திருக்கிறேன். வீட்டைக் கூட்டிவிட்டேன்.

ஹாலிஸ்


வெஸ்ட் பிளெயின்ஸ்
13 மே, ஞாயிறு

ஹாலிஸ்,

நேற்று நான் ஏன் ஆகாரத்துக்கு நிற்காமல் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன் என்று உனக்குப் புரியவில்லை என்று உன் முகத்திலேயே தெரிந்தது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும். நீ நன்றாகத்தான் கூப்பிட்டாய். மூன்று தடவை, பிறகு சிலேட்டைக் கீழே வைத்துவிட்டாய், காதில் விழுந்தது. முப்பது அடி பின்னால் நீ எனக்காக உட்கார்ந்திருக்கிறாய் என்ற நினைப்பே எனக்குப் போதுமாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று அப்போதே மனசுக்குள் எழுத ஆரம்பித்துவிட்டேன். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

பாதிரி வந்தான். பதினாலு அடி. தோகையை விரித்தான், சுற்றினான், முதுகைக் காட்டினான். என் மூன்று விரலும் நாணில் இருந்தன. இழுக்க ஆரம்பித்துவிட்டேன் ஹாலிஸ். பாதி இழுத்தாகிவிட்டது.

பின்னாலிருந்து உன் குரல்: "இப்போ, நெல்டா. இப்போ இழு."

தோகை மடங்கியது. ஒரே ஓட்டம், பிறகு சிறகடிப்பு. நாணை மெதுவாக இறக்கினேன்.

அதைக்கூட நான் பொறுத்திருப்பேன். வாய் தவறி வந்தது என்று சிரித்திருப்பேன். ஆனால் டிரக்குக்கு நடக்கும்போது நீ என்ன சொன்னாய்? "நீ கொஞ்சம் லேட்டு. நான் சொல்லலைன்னா சும்மாவே உக்காந்திருப்பே."

பத்தொன்பது வசந்தம் நான் உன் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீ சீக்கிரம் இழுத்ததையும் தாமதமாக இழுத்ததையும் பார்த்தேன். எத்தனையோ தடவை அந்த ஒரு சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. ஒருநாளும் சொன்னதில்லை. உன்னால் ஒரு காலைப்பொழுது முடியவில்லை.

நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குச் சரி என்று சொல்லப் போகிறேன். வில் என்னிடமே இருக்கட்டும். சிலேட்டு உன் டிரக்கின் இருக்கையில் கிடக்கிறது, நீயே வைத்துக்கொள்.

காளானை வீணாக்காதே.

நெல்டா


சிங்க்கிங் ஓடை
20 மே, ஞாயிறு

அன்புள்ள நெல்டாவுக்கு,

நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. இரண்டையும்தான். நீ தாமதிக்கவில்லை. உன் முழங்கை பின்னால் வருவதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

இந்த வாரம் சாயங்காலம் முழுக்க இறகைப் பிரித்தேன். ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வளைவு எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. பத்தொன்பது வருஷம் இதைத்தான் செய்தாயா? கண் எரிகிறது. இடது எல்லாம் இந்த உறையில் இருக்கிறது. நூற்றுப் பதினாலு. உனக்கு வேண்டியிருக்கும். வலது என்னிடம் இருக்கிறது. பத்துக்கு ஒன்றாவது நான் தப்பாகப் பிரித்திருப்பேன், ஒட்டுவதற்கு முன் பார்த்துக்கொள்.

உன் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். நான் எழுதியதில் எனக்கு ஞாபகம் இருப்பதையும் யோசித்துப் பார்த்தேன். நான் உன்னிடம் கேட்ட கேள்விகள் எல்லாம் இறகு எது, எப்போது வருவாய் என்பதுதான். அதனால் இந்தக் கடிதத்தில் கேட்கிறேன்.

சமையலறையில் உன்னோடு யார் வேலை செய்கிறார்கள்? அவர்களை உனக்குப் பிடித்திருக்கிறதா? எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும்? அந்தக் கிழக்கு ஜன்னலில் என்ன தெரிகிறது? ஃபே இன்னும் பாடிக்கொண்டேதான் பாத்திரம் கழுவுகிறாளா? நான் இல்லாத நாட்களில் கொட்டகைக்குப் பின்னால் முதல் அம்பு சாக்கில் பட்டபோது நீ என்ன செய்தாய்? யாரிடம் சொன்னாய்?

பதில் எழுத வேண்டும் என்று இல்லை. நான் காத்திருப்பேன், தொந்தரவு செய்ய மாட்டேன்.

தோள் எப்படி இருக்கிறது?

ஹாலிஸ்