பின்னால் நின்ற குரல்

டூசான், அரிசோனா
9 செப்டம்பர் 2016

அன்புள்ள பன்னிரண்டுக்கு,

ஐம்பத்து நான்கு எழுதுவது. முப்பத்தேழு வருஷம் ஆகியும் பள்ளிக்கூட ஃபுட்பால் டீம் சட்டையில் இருந்த எண்ணைச் சொல்லித்தான் உன்னைக் கூப்பிட வருகிறது. வெண்டல் என்று எழுதினால் யாரோ பாதிரியாருக்கு எழுதுவதுபோல் கூச்சமாக இருக்கிறது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். போனில் பேசும்போது பாதியில் எதைச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று தெரியாமல் போகிறது. நீயும் பெரிய மனுஷன் மாதிரி பொறுமையாகக் காத்திருக்கிறாய். அந்தப் பொறுமையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கடிதம் என்றால் மேலே போய்ப் படித்துவிட்டுத் தொடரலாம், யாருக்கும் தெரியாது.

இன்று வெள்ளிக்கிழமை. இங்கே மணி நான்கு, நம் லோரிமரில் ஏழு. நீ மைக்கை ஊதிப் பார்த்து, தொண்டையைச் செருமி, பையன்களின் பெயரை வாசிக்கும் நேரம். மைதானத்து வாசலில் சர்ச் பெண்கள் வெண்ணெயில் வெங்காயம் வதக்கி, உருளைக்கிழங்கு அடைத்த பியரோகிக் கொழுக்கட்டை விற்றுக்கொண்டிருப்பார்கள். நான் பழைய டீம் சட்டையை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். ரீட்டா வந்து, "யாருக்காக இந்த அலங்காரம்? தொப்பையால நம்பரே வளைஞ்சு கிடக்குது" என்கிறாள். கட்டிய மனைவி பேசுகிற பேச்சா இது?

இனி விஷயம். ஜூனில் டாக்டர் என் ஞாபகத்தைச் சோதித்துவிட்டு, வண்டி ஓட்டக் கூடாது என்று எழுதிவிட்டார். அக்டோபர் மூன்றாம் தேதி மறுபடி சோதனை. தேறினால் சாவி திரும்பக் கிடைக்கும். கிடைத்தால் பக்கத்து ஊர் கெல்டனோடு நடக்கும் மேட்சுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். அடுத்த வருஷம் நம் டீமே இருக்காது என்று கேள்விப்பட்டேன். அது நிஜமானால் இந்த ஒன்றையாவது நான் பார்த்தாக வேண்டும். எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

ஜூனில் கேட்ட கேள்விகளை ரீட்டா எழுதி வைத்திருக்கிறாள், இத்துடன் அனுப்புகிறேன். மறுபடியும் இதையேதான் கேட்பார்களாம். பதில்களை ஒரு அட்டையில் எழுதி அனுப்பு. அவளிடம் கேட்டால் அழுகிறாள்.

நான் ஒன்றும் முட்டாள் இல்லை. கெல்டன்காரத் தடியன் இடித்துக் கண்ணில் பூச்சி பறந்த அன்றைக்கே, நம் டீமுக்கு டாக்டராக நின்ற பல் டாக்டர் கேட்ட நாலு கேள்விக்கும் டக்டக்கென்று பதில் சொன்னவன். என்ன கிழமை, யாரோடு ஆட்டம், எத்தனைக்கு எத்தனை, எந்தப் பாதி. எங்கிருந்தோ தானாக வந்தது பதில். அப்புறம் உள்ளே போனதும், விழுந்ததும், நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததும் நீங்கள் சொல்லித்தான் தெரியும். ஆனால் அந்த நாலு பதிலும் என்னுடையவை. பேரப்பிள்ளைகளுக்கு நான் சொல்லும் ஒரே கதை அதுதான்.

உன்,
54

*

லோரிமர், பென்சில்வேனியா
19 செப்டம்பர் 2016

அன்புள்ள ஐம்பத்து நான்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அலைந்தேன்.

நீ கேள்விப்பட்டது நிஜம்தான். இந்த வருஷம் பெயர் கொடுத்தவர்கள் பத்தொன்பது பேர். நம் காலத்தில் அறுபது பேர் இருந்து, சட்டை கிடைக்காமல் சண்டை போட்டோம். தலையில் அடிபடும் என்று பயந்து தாய்மார்கள் சம்மதக் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். "வாத்தியார் சார், உங்க பிள்ளையா இருந்தா விடுவீங்களா?" என்று ஒருத்தி கடையில் வைத்தே என்னைக் கேட்டாள். அலமாரியில் இருந்த மாவு பாக்கெட்டைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கெல்டனிலும் இதே கதை. அதனால் அடுத்த வருஷம் இரண்டு பள்ளிக்கும் சேர்த்து ஒரே டீம். கெல்டன் பையனும் நம் பையனும் ஒரே சட்டை! சட்டை என்ன நிறம் என்று கூட்டம் போட்டு, மூன்று மணி நேரம் கத்தி, முடிவாகாமல் கலைந்தார்கள். அதற்கு அடுத்த வருஷம் அதுவும் இருக்குமா என்று யாரும் கேட்கவில்லை.

நீ வர வேண்டும் என்றுதான் எனக்கும் இருக்கிறது. மைக் முன்னால் உட்கார்ந்து ஆட்டத்தைச் சொல்லும்போது, குனிந்து பந்தைக் கால்களுக்கு நடுவே பின்னால் கொடுப்பவன் முதுகைப் பார்த்தால் உன் முதுகுதான் தெரிகிறது. நான்கு வருஷம் அதைத்தானே பார்த்தேன்.

இத்துடன் அட்டையை வைத்திருக்கிறேன். வருஷம், மாதம், ஊர், மாநிலம் எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கிறது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது: 93, 86, 79, 72, 65. எழுபத்தொன்பது உனக்கு மறக்காது, நாம் ஆடிய வருஷம்.

ரீட்டாவிடம் காட்டாதே.

உன்,
12

*

டூசான்
20 அக்டோபர் 2016

அன்புள்ள பன்னிரண்டுக்கு,

தேறிவிட்டேன்!

அட்டையைத் தொப்பிக்குள் வைத்திருந்தேன். டாக்டருக்குப் போன் வந்து வெளியே போனார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிவதுபோல் ஒரு பார்வை. அவர் திரும்பி வந்து கேட்கக் கேட்க, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். "நல்ல முன்னேற்றம், மிஸ்டர் ஹ்ருஷ்கா" என்று கை கொடுத்தார். ரீட்டா அங்கேயே அழுதாள். இந்தத் தடவை சந்தோஷத்தில். அதைப் பார்க்கத்தான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

நாளைக் காலையில் அவள் வேலைக்குப் போனதும் புறப்படுகிறேன். இவ்வளவு தூரம் தனியாக என்று சொன்னால் விட மாட்டாள், அதனால் ஒரு சீட்டு எழுதி மேஜையில் வைத்துவிடுவேன். டீம் சட்டை, நாலு ரொட்டி, உன் அட்டை, எல்லாம் வண்டியில் தயார்.

எனக்கு இருபது பியரோகி சொல்லி வை. மைக்கில் என் பெயரைச் சொல்லுவாயா? ஒரே ஒரு தடவை. ஆடும்போது உன் முகத்தை நான் பார்த்ததே கிடையாது. நான் குனிந்து நிற்பேன், நீ பின்னால் நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணுவாய், அந்தக் குரலுக்குப் பந்தைக் கொடுப்பேன். இன்றைக்கும் ராத்திரி தூக்கம் வராவிட்டால் நீ எண்ணுவதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

வந்துகொண்டிருக்கிறேன்,
54

*

லோரிமர்
6 நவம்பர் 2016

எமில்,

ரீட்டா போன் செய்தாள். நீ புறப்பட்ட மூன்றாம் நாள், நியூ மெக்சிகோவில் ஏதோ ஒரு ஊர்ப் பள்ளி மைதானத்தில் உன்னைக் கண்டுபிடித்தார்களாம். நீ சட்டையைப் போட்டுக்கொண்டு, பயிற்சி செய்த பையன்களிடம், "நான் எந்தப் பக்கம்டா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாயாம். அந்தப் பிள்ளைகள் சிரிக்காமல் உன்னை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துப் போலீசைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வண்டி ஒரு பள்ளத்தில் கிடந்ததாம். யாரும் குறுக்கே வராதது யார் செய்த புண்ணியமோ.

ரீட்டா என்னைத் திட்டவில்லை. "தொப்பிக்குள்ள இருந்த அட்டையில உன் கையெழுத்தைப் பார்த்தேன் வெண்டல்" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

கெல்டன் மேட்ச் நடந்தது. முழு ஊரும் வந்திருந்தது. இரண்டாம் பாதியில் நம் பையன் ஒருவன் தலையில் அடிபட்டு விழுந்து எழுந்தான். நேராகக் கெல்டன்காரர்கள் கூட்டத்துக்கே நடந்து போனான், திருப்பிக் கூட்டிவந்தார்கள். இப்போது முறையான டாக்டர் இருக்கிறார், அவர் குனிந்து கேள்வி கேட்டார். மேலே என் மைக் அறையிலிருந்து பார்க்கிறேன். அடிபட்டவன் முதுகுக்குப் பின்னால் நம் பன்னிரண்டு வந்து நின்றான், என் நம்பரைப் போட்டிருக்கிற பையன். ஹெல்மெட்டைக் கட்டுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டான். அவன் உதடு அசைந்தது.

மைக் திறந்திருந்தது. "பன்னிரண்டு! அவன்கிட்ட இருந்து தள்ளிப் போடா! பதில் சொல்லிக் குடுக்காதே!" என்று கத்திவிட்டேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம்கூடக் கேட்டிருக்கும். அடிபட்டவனை வெளியே உட்கார வைத்தார்கள், நாம் தோற்றோம். இப்போது காபிக் கடையில் நான் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி காலியாகிறது. என் மைக்கையும் வாங்கிக்கொண்டார்கள்.

எப்படி அவ்வளவு தூரத்திலிருந்து கண்டுபிடித்தாய் என்று கேட்கிறார்கள். நீயும் கேட்பாய். சொல்கிறேன்.

எழுபத்தொன்பதில் நீ அடிபட்ட அன்றைக்கு உன் முதுகுக்குப் பின்னால் நின்றது நான். "வெள்ளி. கெல்டன். பதினாலு, பத்து. ரெண்டாம் பாதி." நான் கிசுகிசுக்க, நீ அப்படியே திருப்பிச் சொன்னாய். பல் டாக்டருக்கு ஒரு காது கேட்காது, அந்தப் பக்கமாகத்தான் நின்றேன். எல்லா டீமிலும் அதைச் செய்தார்கள், கோச்சுக்கும் தெரியும். ஆனால் எல்லாரும் செய்தார்கள் என்பதற்காக நான் செய்யவில்லை. நல்ல ஆட்டக்காரனுக்கு இலவசப் படிப்பு தருகிற காலேஜிலிருந்து ஒருவர் என்னைப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தார். நீ கொடுத்தால்தான் பந்து என் கையில் சரியாக வரும். அவ்வளவுதான் எமில், அதற்காகத்தான். டாக்டர் போனதும் நீ என் பக்கம் திரும்பி, "யாருடா நீ?" என்று கேட்டாய். நான் சிரித்துவிட்டு உன்னை உள்ளே அனுப்பினேன். மூன்றாவது தடவை பந்தைக் கொடுத்ததும் விழுந்தாய். அந்தக் காலேஜ் படிப்பில்தான் நான் வாத்தியார் ஆனேன்.

அந்த அடியால்தான் இன்றைக்கு நீ இப்படி இருக்கிறாயா, இல்லை நாலு வருஷம் ஒவ்வொரு ஆட்டத்திலும் வாங்கிய ஆயிரம் இடியாலா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாதாம். கேட்டுப் பார்த்தேன். செப்டம்பரில் மறுபடியும் உனக்கு அட்டை எழுதி அனுப்பினேனே, அதற்கு அந்தச் சாக்கும் கிடையாது.

நீ பதில் எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும்.

வெண்டல்

*

டூசான்
21 நவம்பர் 2016

அன்புள்ள வெண்டலுக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். முதல் தடவை படித்துவிட்டுத் தட்டைத் தூக்கி எறிந்தேன். மறுநாள் கடிதம் மேஜையில் கிடந்தது, ஏதோ புதிதாக வந்திருக்கிறது என்று பிரித்துப் படித்து, மறுபடி எறிந்தேன். மூன்றாம் தடவையும் அதேதான் என்கிறாள் ரீட்டா. பிறகு அவள் உறையின் மேல் பெரிதாக எழுதி வைத்துவிட்டாள்: "இதுக்கு நீ ஏற்கெனவே கோபப்பட்டாச்சு." அதனால் நான்காவது தடவை நிதானமாகப் படிக்க முடிந்தது. மிச்சத் தட்டும் தப்பித்தது.

கோபம் என்னிடம் தங்க மாட்டேன் என்கிறது. இதற்குப் பெயர் மன்னிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. எதுவோ, இருப்பதை எடுத்துக்கொள்.

ஒன்றுதான் வலிக்கிறது. எனக்கு இருந்தது ஒரே ஒரு கதை. மண்டை உடைந்தாலும் நான் பதில் சொன்னேன் என்ற கதை. அதையும் எடுத்துக்கொண்டாயே. பேரப்பிள்ளைகள் கேட்டால் இனி என்ன சொல்வேன்? முந்தாநாள் சின்னவன் கேட்டான். சொல்ல ஆரம்பித்து, அங்கே வந்ததும், "பின்னால ஒருத்தன் நின்னு சொல்லிக் குடுத்தான்" என்றேன். "யாரு தாத்தா?" என்றான். "என் சிநேகிதன்" என்றேன். வேறு எப்படிச் சொல்ல முடியும்?

அந்தப் பையனை வெளியே உட்கார வைத்தார்கள் என்று எழுதியிருந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை படித்தேன். நல்லது செய்தாய்.

ஊருக்கு நான் இனி வர மாட்டேன். வண்டியை ரீட்டா விற்றுவிட்டாள். டிசம்பர் ஆறாம் தேதி இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு நாள் முழுக்கச் சோதிக்கப் போகிறார்கள். கூட ஒருவர் இருக்கலாமாம். ரீட்டா வருவதாகச் சொன்னாள். வேண்டாம், அவள் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்லத் தோன்றும் என்றேன். உனக்கு மைக்கும் இல்லை, காபிக் கடையும் இல்லை, அங்கே உட்கார்ந்து என்ன செய்யப் போகிறாய்? புறப்பட்டு வா.

ஆனால் பின்னால் நிற்காதே. எனக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார், நான் உன்னைப் பார்க்கிற மாதிரி. அவர்கள் என்ன கேட்டாலும் வாயைத் திறக்காதே. எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று நானே சொல்ல வேண்டும்.

நீ யார் என்றும் கேட்பார்கள். அதற்கும் சொல்லிக் கொடுக்காதே. கொஞ்சம் நேரமானாலும் பொறுத்திரு.

உன்,
எமில்