ராணிக்குக் கடைசிப் பொட்டு

வெள்ளிக்கிழமை

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக லாயத்துக்கு, குதிரை ராணியிடம் ஓடினேன். காய்ச்சல் விட்டிருந்தது. தாடைக்கடியில் இருந்த கட்டி உடைந்து சீழ் வடிந்திருந்தது. ஒரு வாரத்துக்குப் பிறகு புல்லைக் கடித்தாள். இனி மற்ற ஆறு குதிரைகளுக்கும் தொற்றாமல் இருந்தால் சுற்றுலாச் சீசனுக்கு எங்கள் வாவிக்கரைச் சவாரி நடக்கும்.

பூசை முடிந்து வந்த லாயக்காரர் செல்வண்ணன், ராணியின் மூக்கைப் பிடித்துச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டு, அதே கையோடு அடுத்த குதிரையிடம் போனார்.

“அண்ணே, தொடாதீங்க! கையக் கழுவுங்க.”

“சாமி சந்தனத்துலயுமா நோய் ஒட்டும், மிஸ்?”

“சந்தனத்துல இல்லண்ணே, உங்க கையில.”

சவர்க்காரம் போட்டு முழங்கை வரை தேய்த்தார். “அப்ப இனிமே இவளுக்குக் கடைசியாத்தான் பொட்டு. மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவா பாருங்க,” என்றார். சிரித்துவிட்டேன்.

பிறகுதான் உறைத்தது. காலையில் நான் கை கழுவினேன், உண்மைதான். ஆனால் ராணியை அணைத்த அதே ஜேர்சியோடுதானே மற்ற ஆறையும் தடவிக்கொடுத்தேன்?

மாலையில் ஆறுக்கும் காய்ச்சல் இல்லை. இன்னும் சில நாள் பார்க்கவேண்டும். ஆனாலும் தப்பிவிடுவோம் என்றே மனம் சொல்கிறது.

நாளை விடிந்ததும் மனம் ராணியிடம்தான் ஓடும். ஆறையும் பார்த்து முடித்த பிறகே அவளிடம் போவேன். அதற்கு முன், இன்று நான் செய்த தவறைச் செல்வண்ணனிடம் சொல்லிவிடுவேன்.