மேண்டில் நூலும் என் கத்தரிக்கோலும்

1974 ஆவணி, வெள்ளி இரவு

நாங்கள் வாடகைக்கு விடும் பெட்ரோமாக்ஸ் விளக்குகளால் இன்று வீட்டில் சண்டை.

விளக்குக்குள் எரிந்து வெளிச்சம் தரும் வலைப்பையான மேண்டிலைப் புதிதாகக் கட்டினால், மிச்ச நூலை என் வீட்டுக்காரர் பல்லால்தான் கடித்து அறுப்பார். பழைய மேண்டிலின் சாம்பலை வாயால் ஊதுவார். அது தொட்டிலில் கிடக்கும் பாப்பா மேல் போய் விழும். பட்டணத்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறையில் வேலை செய்யும் என் தங்கை வந்திருந்தாள். அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

“மாமா, மேண்டில்ல தோரியம் இருக்குது. எக்ஸ்ரே மாதிரி அதுலேர்ந்தும் கதிர் வரும். வெளிச்சத்துல ஒக்காந்தா பயமில்ல. ஆனா அந்தத் தூளு வவுத்துக்குள்ள, நெஞ்சுக்குள்ள போவக் கூடாது.”

“இத்தினி வருசமா கடிச்சிகினுதான் கீறேன். எனக்கு இன்னா ஆச்சி?” என்று கத்தினார்.

“அப்ப கொழந்தைக்கும் ஊட்டி வுடுங்க” என்றேன். எனக்கு வந்த கோபம் அப்படி. அவர் எழுந்து போய்விட்டார்.

சாயங்காலம் வாலாஜாபாத் கல்யாணத்துக்கு விளக்குகள் போக வேண்டும். அத்தனையையும் தூக்கிக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போனார். முதல் மேண்டிலைக் கட்டி, நூலை வாய் வரைக்கும் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

“உன் கத்தரிக்கோலு எங்க கீது?”

என் தையல் கத்தரிக்கோலை யார் தொட்டாலும் எனக்குப் பிடிக்காது. அவர் இன்னும் திருப்பித் தரவில்லை. நான் கேட்கப் போவதில்லை.