மெலாத்தியைச் சுட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அக்கா

என் கோபக்கார அக்காவுக்கு,

உன்னை எரித்துவிட்டு வந்து சுங்கை வேயில் இருக்கும் உன் வீட்டு வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். ஓர் அங்கிள் பக்கத்தில் வந்து, “டேப்பிரா? கறுப்பு வெள்ளையா, பன்னி மாதிரி மூக்கு தொங்கிக்கிட்டு இருக்குமே, அதுவா? நான் புலி கிலின்னு நெனச்சேன் லா” என்றார். சட்டையைப் பிடித்து அவரைச் சுவரோடு சாய்த்துவிட்டேன். மற்றவர்கள்தான் இழுத்து விலக்கினார்கள். புலி கடித்தால்தான் சாவுக்கு மரியாதையா, அக்கா?

நீ இருந்திருந்தால் அந்த ஆளை நீயே அறைந்திருப்பாய். பிறகு உட்காரவைத்து டேப்பிரைப் பற்றிப் பாடமும் எடுத்திருப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் இன்னமும் என் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக் கதவைத் தாழிடாமல் வைக்கிறேன். மிருகக்காட்சிசாலைச் சாணி நாறும் பூட்ஸை வெளியே கழற்றிவிட்டு, “சோறு இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே நுழைவாய். சாப்பிட்டபடி நீ சொல்வாய், நான் தட்டச்சு செய்வேன். பிள்ளைகளுக்கான நம் இரண்டு புத்தகங்களும் அப்படித்தான் பிறந்தன. ஒரு முறை ‘டேப்பிர் சிரித்தது’ என்று எழுதியதற்கு என் முதுகில் ஓங்கிப் போட்டாய். “அது எங்கடா சிரிச்சுச்சு? பல்லு தெரிஞ்சா சிரிப்பா? அந்தப் பல்லால உன் கைய எடுத்துரும்.”

மூன்றாவது புத்தகம் நீ பராமரித்த டேப்பிர் மெலாத்தியையும் அவள் குட்டியையும் பற்றியது. முதல் பக்கத்தில் உன் சட்டம். தாயைப் பின்னறைக்குள் விட்டு, இழுப்புக் கதவை அடைத்து, பூட்டி, சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் பராமரிப்பாளர் உள்ளே கால் வைக்கலாம். அந்தச் சட்டத்தை வேலையில் சேர்ந்த ஒவ்வொருவரின் மண்டையிலும் நீ ஏற்றினாய். மறந்தவனை வாளித் தண்ணீரால் அடித்தாய்.

அன்று நீயே மறந்தாய். பக்கத்துக் கூண்டில் வேலையாக இருந்த தனபாலன்தான் எனக்கு விவரம் சொன்னான். “குட்டி கால் சாக்கடைக் கம்பிக்குள்ள மாட்டிக்கிச்சு boss. விசில் அடிக்கிற மாதிரி கத்துச்சு. அக்கா சாவியத் தொடவே இல்ல. அப்படியே உள்ள குதிச்சுட்டாங்க.”

நீ காலை விடுவிக்க இழுத்தாய். குட்டி இன்னும் உரக்கக் கத்தியது. அவ்வளவுதான். மெலாத்தி வந்து உன் தோளுக்குக் கீழே கவ்வி, உதறி, தரையில் இழுத்துப் போட்டு மிதித்தாள். எலும்பு வெளியே தெரிந்ததாம். மருத்துவமனை போய்ச் சேரும் முன்பே உன் இரத்தம் தீர்ந்துவிட்டது. இதை மென்மையாக எழுத எனக்குத் தெரியவில்லை. நீயும் விடமாட்டாய்.

குட்டியின் கால் கம்பியிலிருந்து வெளியே வந்துவிட்டது, அக்கா. அதை யாராவது உன்னிடம் சொன்னார்களா?

அத்தான் ஒரே பிடியாக நின்றார். “அந்தச் சனியன சுடணும்.” குடும்பத்தோடு பேசிவிட்டு முடிவெடுப்பதாக நிர்வாகம் சொன்னது. “நீயும் நானும் ஒண்ணா போய்க் கேட்டா முடிஞ்சுது மச்சான்” என்றார் அத்தான். சரி என்றேன். மனதார. அவள் மண்டை சிதறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

அதற்கு முன் அவள் முகத்தைப் பார்க்கத் தனியாகப் போனேன். பின்னறையில் இருந்தாள். தர்பூசணி மாதிரிக் கோடு போட்ட குட்டி அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கையில் இருந்த குடையால் கம்பியில் அடித்தேன். குடை வளைந்த பிறகும் அடித்தேன். குட்டி கத்தியது. மெலாத்தி பாய்ந்து வந்து கம்பியில் மோதினாள். மூக்கு கிழிந்தது, மறுபடி மோதினாள். தனபாலன் என் கழுத்தைப் பிடித்துப் பின்னால் தள்ளினான். “அடிக்கணும்னா என்னைய அடி boss! அது குட்டிக்குப் பயப்படுது, தெரியல?”

அந்த ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தபோது மிஸ்ஸி ஞாபகம் வந்தது. எனக்கு ஊசி போடப் பள்ளிக்கு வந்தாளே, அந்த நர்ஸ் மிஸ்ஸி. நான் அலறியதைக் கேட்டு உன் வகுப்பிலிருந்து ஓடி வந்து அவள் கையைக் கடித்தாய். சதை பிய்ந்து உன் வாயெல்லாம் இரத்தம். ஆசிரியர்கள் உன் தாடையைப் பிடித்துத்தான் விலக்கினார்கள். அவள் எனக்கு நல்லதுதான் செய்தாள். உனக்கு என் கத்தல் மட்டும்தான் கேட்டது. உன் கல்யாணத்தில்கூட இதைச் சொல்லிச் சிரித்தோம்.

அங்கேயே அழுதேன். சிரித்தும் தொலைத்தேன்.

“சுட வேணாம் அத்தான்” என்று சொன்னபோது அவர் என்னை அறைந்தார். உதடு கிழிந்தது. மேசையில் இருந்த மூன்றாவது புத்தகத்தின் தட்டச்சுத் தாள்களை அள்ளி என் முகத்தில் எறிந்தார். “உங்கக்காவ விட உனக்கு மிருகம் பெருசா?”

“பூட்டாம உள்ள போனது அக்காதான் அத்தான்.”

“அப்ப தப்பு அவ மேலயா? செத்தவ மேல போடுறியா?” மறுபடி ஓங்கினார்.

மிஸ்ஸி கதையைச் சொன்னேன். வாயில் வழிந்த இரத்தத்தோடு சொன்னேன். “அன்னைக்கு அக்காவ யாராச்சும் சுட்டாங்களா அத்தான்?”

ஓங்கிய கையால் அவர் தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். திரும்பத் திரும்ப. பிடித்து நிறுத்த எனக்குத் தெம்பில்லை. பிறகு கிள்ளானில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் போன் செய்து, “சுட வேணாம்னு சொல்லிட்டேன். ஆனா அத நான் பாக்க மாட்டேன்” என்றார். என்னையும் பார்ப்பாரா என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

இப்போது சண்டை பதிப்பாளரோடு. “பிள்ளைங்க பயந்துருவாங்க சார். அக்கா வானத்துல நட்சத்திரமா இருக்காங்க, டேப்பிர் நிமிந்து பாத்து அழுதுன்னு முடிங்களேன். அழகா இருக்கும் லா” என்கிறார். கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு போனை வைத்தேன். எந்த டேப்பிர் நட்சத்திரத்தைப் பார்த்து அழுதது? பிள்ளைகள் பயப்படட்டுமே. பயந்த பிள்ளை கம்பிக்குள் கை விடாது. இவர் போடாவிட்டால் நானே அச்சடிப்பேன்.

சொல்லிவிடுகிறேன், கேள். உன் சட்டத்தை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளிவிட்டேன்; புத்தகத்தின் முதல் பக்கத்தில் இப்போது நீ பள்ளிச் சீருடையில் மிஸ்ஸியைக் கடிக்கிறாய். கடைசிப் பக்கத்தில் மெலாத்தி உன்னைக் கடிக்கிறாள். கதவு திறந்திருக்கிறது, சாவி ஆணியில் தொங்குகிறது, குட்டியின் கால் வெளியே வந்துவிட்டது. இதில் ஒரு வரியையும் யாரும் மாற்ற விடமாட்டேன். யாரையும் சிரித்ததாக எழுத மாட்டேன், அவளையும் சரி, உன்னையும் சரி.

அன்று நீ ஊசிக்கு விட்டுக்கொடுக்காத அதே கையால் எழுதும்,
உன் தம்பி