வருந்தத்தக்கது என்று எழுதிவிட்டேன்

என் தம்பி ரவிக்கு, நாற்பது வயதிலும் எனக்குச் சின்னவனாகவே இருந்தவனுக்கு,

நீ போய் ஏழு மாதம். உன் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. அப்பாவுக்குக் காட்டவேண்டும் என்று அவற்றைக் கடதாசியில் சுற்றி வைத்திருக்கிறாள். அவளுக்கு நான் என்ன சொல்ல?

உன் சாவைப் பற்றிய விசாரணை அறிக்கை ஆங்கிலத்தில் வந்தது. உள்ளே நச்சுக்காற்று இருக்கிறதா என்று சோதிக்காமல் உன்னைக் கப்பலின் எண்ணெய்த் தாங்கிக்குள் இறக்கிய கம்பனியின் பாதுகாப்பு ஏற்பாடுகளை அதில் 'டிப்ளோரபிள்' என்று எழுதியிருந்தார்கள். வாசலில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்று பலகை போட்டிருக்கிற நான்தான் அதைத் தமிழாக்கினேன். வேறொருவரிடம் கொடுக்க மனம் வரவில்லை. வீம்பு.

அகராதியில் அந்தச் சொல்லுக்கு முதலில் நின்றது 'வருந்தத்தக்க'. அழுதுகொண்டிருந்த எனக்கு அது சரியாகத்தான் பட்டது. எழுதி முத்திரையும் குத்தினேன். மழையில் நெல் அழிந்தாலும் வருந்தத்தக்கதுதான்; அதில் யாருக்கும் குற்றமில்லை. அவர்கள் எழுதியதோ கண்டனம். 'கண்டிக்கத்தக்கது' என்றல்லவா போட்டிருக்க வேண்டும்? இருபது வருடம் இந்தத் தொழிலில் இருந்து என்ன கிழித்தேன், சொல்லு.

கம்பனி மனேஜர் என் தமிழையே உன் மனைவி வசந்திக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். "அறிக்கையும் வருந்தத்தக்கது எண்டுதான் சொல்லுது. நாங்களும் வருந்துறம், தங்கச்சி," என்றாராம். யார் பிழையும் இல்லாத விபத்து என்ற கடிதத்தில் அவள் கையெழுத்து வைத்துவிட்டாள்.

போன கிழமை லிங்கநகருக்குப் போய் அவளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை.

"மச்சாள், நீங்கள் எழுதினது எண்டபடியாத்தான் நான் வேற ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை," என்றாள்.

உன்னோடு வேலை செய்த கிண்ணியா நஸீரை நேற்று பஸ்ஸில் கண்டேன். வேறொரு கப்பலின் தாங்கிக்குள் இறங்கிவிட்டு வந்திருந்தார். காற்றைச் சோதித்தார்களா என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார், இல்லையென்று.

திங்கட்கிழமை விசாரணை அதிகாரியிடம் சத்தியக் கடதாசி கொடுக்கப் போகிறேன். கம்பனியின் பிழையைச் சொல்ல முதல் என் பிழையைச் சொல்லவேண்டும். முத்திரையைப் பறித்தால் பறிக்கட்டும். வருந்துகிறேன் என்று மட்டும் எழுதி மழுப்பமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் சாவைப் பிழையாக எழுதிய
உன் அக்கா