பலகைக்குக் கட்டுப்படாத அலை

செவ்வாய்க்கிழமை, இரவு

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குச் சற்று மேல்பக்கமாக, ஆற்றோர நாணலுக்குள் நீர்க்கோழி கூடு கட்டியிருந்தது. எங்கள் சுற்றுலாப் படகுகள் அங்கே மெதுவாகப் போகவேண்டும் என்று கூட்டுக்கு நேரே பலகை நட்டவன் நான்தான். இன்று பயணிகள் கேட்டார்கள் என்று வேகமாக ஓட்டி வந்து, பலகையருகே சட்டென்று வேகத்தைக் குறைத்தேன். பின்னால் நான் கிளப்பிய அலை குறையவில்லை. படகைத் தாண்டிப் போய்க் கூட்டைக் கவிழ்த்துவிட்டது. முட்டைகள் ஆற்றோடு போயின.

"நீங்க போர்டு கிட்ட ஸ்லோ பண்ணின தானே, ஒங்கட குத்தம் இல்ல" என்றார் டிக்கெட் கொடுக்கும் நசீர் நானா.

சாயங்காலம் வரை அந்தக் கோழி நாணலையே சுற்றிச் சுற்றி நீந்தியது.

நாளைக்குப் பலகையைப் பிடுங்கி, அலை அடங்க இடம் விட்டு இன்னும் முன்னாலேயே நட்டுவிட வேண்டும். இனி அங்கே என்ன இருக்கிறது என்று நானா கேட்டால், கோழி இன்னும் அங்கேதான் இருக்கிறது என்பேன்.